கடலில் வந்தோர்க்கு அடைக்கலம்

பிறந்த மண்ணை விட்டுப் பிரிதல் எவர்க்கும் எளிதன்று. வீட்டையும் நிலத்தையும் துறந்து, சிறு படகொன்றை நம்பிப் பெருங்கடலில் ஒருவர் இறங்குவாராயின், அவர் உற்ற துன்பம் மிகப் பெரிதாதல் வேண்டும். அத்தகைய நிலை வியத்நாம் மக்கள் பலர்க்கு நேர்ந்தது.

1975ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆம் நாள் சைகோன் நகரம் வடவியத்நாமியப் படையின் வசமாயிற்று. நெடும்போர் ஓய்ந்தது, அச்சம் ஓயவில்லை. பழைய அரசில் பணியாற்றியோர் பலர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1978இல் தனியார் வாணிகம் ஒடுக்கப்பட்டது. சீன வழியினரான வணிகர் பெரிதும் அல்லலுற்றனர். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் மக்கள் திரள்திரளாகப் படகேறினர். புயலும் பசியும் நீர்வேட்கையும் கடற்கொள்ளையரும் எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்தன.

கரை சேர்ந்தோர்க்கும் துன்பம் தீரவில்லை. மலேசியாவைச் சார்ந்த பிடோங் தீவு ஏறத்தாழ ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்பே உடையது. 1979ஆம் ஆண்டின் நடுவில் அங்கே சுமார் 40,000 பேர் நெருங்கி வாழ்ந்தனர். இனிப் புதியவர் எவரையும் ஏற்க இயலாது என மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்சு, சிங்கப்பூர் ஆகிய ஐந்து நாடுகளும் சூன் திங்களில் அறிவித்தன. கரையை அணுகிய படகுகள் சில மீண்டும் கடலுக்கே தள்ளப்பட்டன.

இச்செயல் கொடிதே. ஆயினும், இதன் காரணத்தையும் ஆராய்தல் வேண்டும். வெள்ளத்தில் வீடிழந்த நூறு குடும்பத்தார் ஆற்றங்கரையிலுள்ள ஒரே வீட்டில் ஒதுங்குவாராயின், அவ்வீட்டார் எத்துணை நாள் தாங்குவர்? ஊரார் அனைவரும் குடும்பத்திற்கு ஒருவராக ஏற்பின், சுமை சுமையாகத் தோன்றாதன்றோ? அண்டை நாடுகள் வேண்டியதும் இதுவே.

ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளர் குர்ட் வால்டைம் அழைப்பின்பேரில், 1979 சூலைத் திங்களில் 65 நாடுகள் ஜெனீவா நகரிற் கூடின. அதற்குமுன் 1,25,000 பேரைக் குடியேற்ற உறுதி கூறியிருந்த நாடுகள், இப்பொழுது 2,60,000 பேரை ஏற்பதாக வாக்களித்தன. அதனால் கரை நாடுகள் தற்காலிகப் புகலிடம் தர இசைந்தன. இந்தோனேசியாவின் காலாங் தீவிலும் பிலிப்பைன்சின் பத்தானிலும் முகாம்கள் அமைந்தன. செல்லவிருக்கும் நாட்டின் மொழியும் வழக்கமும் அங்கே கற்பிக்கப்பட்டன.

கனடா நாட்டின் முயற்சி தனித்துக் கூறத்தக்கது. ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ குழுவாகக் கூடி, ஒரு குடும்பத்தை ஓராண்டு பேணுவதாகப் பொறுப்பேற்க அன்று இடமிருந்தது. அவ்வாறு குடிமக்கள் ஏற்கும் ஒவ்வொருவர்க்கும் ஈடாக மற்றொருவரை அரசு ஏற்கும் என 1979இல் அறிவிக்கப்பட்டது. தேவாலயத்தாரும் அண்டை வீட்டாரும் குழுக்களாகத் திரண்டனர். 1980ஆம் ஆண்டின் இறுதிக்குள் 60,000 பேர் அங்கே குடியேறினர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் குடிமக்களால் அழைக்கப்பட்டவர். 1986இல் நான்சென் பதக்கம் கனடா மக்கள் அனைவர்க்கும் பொதுவாக வழங்கப்பெற்றது.

காலப்போக்கில் பல நாடுகளின் ஆர்வம் தளர்ந்தது. 1989இல் கூடிய இரண்டாம் மாநாட்டின்படி, வருவோர் உண்மையில் அகதிகள்தாமா என ஆராயப்பட்டனர். அல்லர் எனக் கருதப்பட்ட 1,00,000க்கும் மேற்பட்டோர் தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். அவருள் மனமின்றித் திரும்பியோரும் உளர்.

1975 முதல் 1995 வரை படகில் வந்து கரை சேர்ந்தோர் ஏறத்தாழ 8,00,000 பேர். அவருட் பெரும்பாலோர் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்சு முதலிய நாடுகளிற் புதுவாழ்வு பெற்றனர். இரக்கம் மட்டுமே அவர்களைக் காத்ததன்று. இன்னார் இத்துணைப் பேரை ஏற்பர் என வரையறுத்துப் பகிர்ந்துகொண்ட பொறுப்பே காத்தது. பலர் பங்கிட்டுச் சுமந்த காலத்தில் படகுகளுக்குக் கரை திறந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.