சளிக்கு ஏன் அந்தக் குளிசை வேலை செய்யாது?

ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில், லயத்து வீடொன்றில் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு இருமல் நிற்கவேயில்லை. வீட்டுக்கார அக்கா பிஸ்கட் டின்னைத் திறந்து, பாதி காலியான குளிசை அட்டையொன்றை எடுத்து நீட்டினார். "இத ரெண்டு வேள போடுங்க தம்பி, சளி நின்னுரும்."

அட்டையில் டொக்சிசைக்ளின் என்றிருந்தது. கணவருக்கு உண்ணிக்காய்ச்சல் வந்தபோது ஏழு நாளைக்குக் கொடுத்த மருந்து. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, நான்காம் நாள் அவர் மலைக்குப் போய்விட்டார். மிச்சம் டின்னுக்குள்.

வாங்கிப் பையில் வைத்தேன், விழுங்கவில்லை. அந்த மருந்து குறிவைக்கும் பொருள் சளி வைரஸிடம் இல்லவே இல்லை.

அந்தப் பொருளின் பெயர் இறைபோசோம். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். உயிருள்ள ஒவ்வொரு கலத்துக்குள்ளும் புரதம் செய்கிற இயந்திரம் அது. மரபணுவிலிருந்து வரும் செய்தியை மூன்று மூன்று எழுத்தாக வாசித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் உரிய அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோர்க்கும். பக்டீரியாவின் இறைபோசோம் ஒரு செக்கனில் பதினைந்து, இருபது அமினோ அமிலங்கள் வரை கோர்த்துவிடும். இது நின்றால் பக்டீரியாவால் வளரவும் முடியாது, பெருகவும் முடியாது.

தேயிலை ஃபக்டரியை நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து லொறி உள்ளே வரும் வாசலை மறித்து யாரோ ஒரு வண்டியை நிறுத்திவிட்டால் எப்படி? டொக்சிசைக்ளின் செய்வது அதுதான். அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் மூலக்கூறு வந்து அமரவேண்டிய இடத்தை அது மறித்துவிடும். அசித்ரோமைசின், புதிய புரதம் வெளியேறும் குழாயை அடைக்கிறது. காசநோய்க்கு ஊசியாகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் இன்னொரு விதம்: எழுத்தைப் பிழையாக வாசிக்க வைத்து, உதவாத சரக்கை உற்பத்தி செய்யவிடும். (நமக்கு நன்கு பழக்கமான அமொக்சிசிலின் இந்த வகையல்ல. அது பக்டீரியாவின் சுவரைத் தாக்குவது.)

இதையெல்லாம் அணு அணுவாகக் காட்டியவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். 2000ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் அவரது குழு இறைபோசோமின் சிறிய பாகத்தின் அமைப்பையும், ஸ்ட்ரெப்டோமைசின் அதில் எங்கே ஒட்டுகிறது என்பதையும் வெளியிட்டது. 2009இல் தோமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோருடன் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் கலங்களிலும் இறைபோசோம் உண்டு. ஆனால் வடிவம் வேறு, அதனால் இந்த மருந்துகள் அதில் சரியாக ஒட்டுவதில்லை. நோயாளி பிழைப்பது அந்தச் சிறு வித்தியாசத்தால்தான். வைரஸுக்கோ சொந்த இறைபோசோமே கிடையாது, எங்களுடையதைத்தான் களவாகப் பாவிக்கிறது. சளி, டெங்கு எதிலும் டொக்சிசைக்ளினுக்கு மறிக்க வாசல் இல்லை. எலிக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவது, அங்கே அதே குளிசை உயிர் காக்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை வடக்கில் இருப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தொடக்கத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஒரே மாதிரித்தான் தெரியும். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது வீண் அலைச்சல் இல்லை.

பாதியில் நிறுத்தினால் என்ன? டொக்சிசைக்ளின் பெரும்பாலும் பக்டீரியாவைக் கொல்வதில்லை, நிறுத்தி வைக்கிறது. நின்றவற்றை அழிப்பது உடம்பின் வேலை. அது முடியுமுன் மருந்து நின்றால் வாசல் திறந்துவிடும், உண்ணிக்காய்ச்சல் திரும்பக்கூடும்.

டின்னில் மிஞ்சியதைச் சளிக்குப் போடுவது இன்னொரு தொல்லை. குடலில் சும்மா இருக்கும் பக்டீரியாக்களில் சிலவற்றிடம், வாசலை மறித்த மருந்தைத் தள்ளிவிடும் புரதம் இருக்கும். மற்றவை அடங்க, இவை பெருகும். அந்தப் புரதத்துக்கான மரபணுவை நோய் தரும் பக்டீரியாவுக்கும் கைமாற்றும். அடுத்த முறை உண்மையாகவே தேவைப்படும்போது மருந்து கேட்காமல் போகலாம்.

அக்காவிடம் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. பொறுமையாகக் கேட்டார். "ஏழு நாளும் வீட்டுல இருக்கச் சொல்றீங்களா?" என்றார். குளிசையைப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போகலாம்தானே என்றேன். "வெறும் வயித்துல போட்டா கொமட்டுதுன்னு காலையில போடாம போயிட்டாரு தம்பி. மலையில தல சுத்தி உக்காந்தா அரைப் பேருதான் போடுவாங்க."

சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு போடவேண்டிய குளிசை அது. மருந்து கொடுத்த இடத்தில் அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.