லாரி எஞ்சினை வீட்டிலேயே கழுவுவது எப்படி?



ஆயுத பூஜை வந்தால் லாரிக்கு வாழைக்கன்று கட்டுகிறோம், சந்தனம் பூசுகிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம். பாடி பளபளக்கும். ஆனால் கேபினைத் தூக்கிப் பார்த்தால்? ஆயிலும் புழுதியும் கலந்து, தோசைக்கல் அடியில் பிடித்த கரி மாதிரி எஞ்சினில் அப்பிக் கிடக்கும்! "ஓடுற வண்டிதானே, எதுக்குக் கழுவணும்?" என்று பலர் கேட்கிறார்கள்.

என் அப்பா கிளீனராக ஏறி டிரைவர் ஆனவர். கடனில் வாங்கிய பழைய லாரி ஒன்றுதான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போடுகிறது. என் ஃபீஸும் அதிலிருந்துதான். வீட்டில் டிப்ளமோ வரை வந்தது நான்தான் முதல். எஞ்சின் கழுவும் முறையை அப்பா செய்து காட்டினார். ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை நம் பாடப் புத்தகம் சொன்னது. இரண்டையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் ஆற விடுங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, டயருக்குக் கட்டை வைத்து, இரண்டு மணி நேரமாவது ஆற விட வேண்டும். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு சட்டென்று சுருங்கி விரிசல் விடலாம். டீசல் பம்புக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதன் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி 2, 3 மைக்ரான்தான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான்! மேல்கூடு மட்டும் சுருங்கினால் பிளஞ்சர் பிடித்துக்கொள்ளும்.

மூட வேண்டியதை மூடுங்கள்

பேட்டரியில் முதலில் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். பிறகு டைனமோ, செல்ஃப் மோட்டார், ஒயர் இணைப்புகள், ஏர் கிளீனர் வாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். ஆயில் மூடியும் டிப் ஸ்டிக்கும் இறுக்கமாக இருக்கட்டும்.

ஏர் கிளீனர் வாய்க்கு ஏன் இவ்வளவு கவனம்? டீசல் எஞ்சின் காற்றைச் சுமார் 17 மடங்கு அழுத்துகிறது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போய், அதோடு ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்!

கழுவும் முறை

கீழே தார்ப்பாய் விரித்து மரத்தூள் கொட்டுங்கள். தடித்த அழுக்கை முதலில் மரச் சீவுளியால் சுரண்டுங்கள். அப்புறம் பிரஷ்ஷில் கொஞ்சம் டீசல் தொட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்டால் துடையுங்கள். பெட்ரோல் மட்டும் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த நிலையிலும் அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிவிடும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பெல்ட், ரப்பர் ஓஸ் மேல் டீசல் பட்டால் உடனே துடையுங்கள், ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். கடைசியில் சோப்புத் தண்ணீரால் தேய்த்து, மெதுவான தண்ணீரில் அலசுங்கள்.

ஏப்ரல் 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் சென்சாரும் கனெக்டரும் ஏராளம். அவற்றில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

எண்ணெய் ஊறிய மரத்தூளைச் சாக்கடையில் தள்ளாதீர்கள். எங்கள் வாசலுக்கும் கிணற்றுக்கும் 30 அடிதான் தூரம். அதனால் அப்பா எல்லாவற்றையும் பழைய டின்னில் அள்ளி, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுவார்.

கழுவிய பிறகுதான் வேலையே!

நன்றாகக் காய்ந்ததும் பிளாஸ்டிக் பைகளை எல்லாம் எடுத்துவிட்டு, பேட்டரியை மாட்டி, எஞ்சினை 15 நிமிடம் ஓட விடுங்கள். டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை வேண்டாம்.

டேப்பெட் கவர் ஓரம் ஆயில் கசிந்தால் கேஸ்கெட் போயிருக்கிறது. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் தண்ணீர் சொட்டினால் அதன் சீல் தேய்ந்துவிட்டது. ஃப்ளைவீல் ஹவுசிங் அடியில் ஆயில் வந்தால் கிராங்க் பின்புற சீலைப் பார்க்க வேண்டும்.

போன வருஷம் இப்படிப் பார்த்தபோதுதான், இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் மெல்லிய பைப்பில் ஒரு வெடிப்பு தெரிந்தது. டீசல் சொட்டுச் சொட்டாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் போய்க்கொண்டிருந்தது. லோடோடு மலை ஏறும்போது மேனிஃபோல்டு சூடு 400 டிகிரியைத் தாண்டும். டீசல் 250 டிகிரி அளவிலேயே பொறி இல்லாமல் பற்றக்கூடியது. மறுநாள் அப்பாவுக்கு மலைப்பாதை டிரிப்! "அழுக்குக்குள்ள கிடந்திருந்தா யாருக்குக் கண்ணு தெரியும்?" என்று சொல்லிவிட்டு, பைப்பை மாற்றிய பிறகுதான் அப்பா கிளம்பினார்.

ஆகவே நண்பர்களே, எஞ்சினைக் கழுவுவது அழகுக்காக அல்ல, கசிவைக் கண்ணால் பார்ப்பதற்காக. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ லாரி இருந்தால், இந்த விடுமுறையில் ஒரு பிரஷ்ஷும் டார்ச் லைட்டுமாக இறங்குங்கள். அந்த வண்டியை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது!

— இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு