பிடதித் திருமணமும் நம்மவர் துக்கமும்

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில் பிடதியைக் கடக்கும்போதெல்லாம் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நம் நினைவிற்கு வருகிறது. கொரோனா ஊரடங்கு நாடெங்கும் நிலவிய அந்நாளில், அவ்வூரின் அருகே பண்ணை வீட்டில் முன்னாள் முதலமைச்சர் குமாரசாமியின் மகன் நிகிலுக்குத் திருமணம் நடந்தேறியது. முன்னாள் பிரதமரும் மணமகனின் பாட்டனாருமான தேவகௌடா உடனிருந்தார். வெளிவந்த படங்களில் பலர் முகத்தில் கவசமில்லை, இடைவெளியும் இல்லை. மக்கள் கொதித்தனர். உயர்நீதிமன்றம் அரசிடம் விளக்கம் கேட்டது. முதலமைச்சர் எடியூரப்பாவோ, அனுமதி பெற்று எளிமையாக நடந்த மணம், அதைப்பற்றிப் பேச்சே வேண்டாம் என்றார். எதிர்க்கட்சியார் வீட்டு மணத்திற்கு ஆளுங்கட்சித் தலைவர் பரிந்து பேசும் இத்தகைய ஒற்றுமையை நாம் வேறெப்போது கண்டோம்!

மக்களின் கொதிப்பைப் பொறாமை என்று எண்ணலாகாது. அதே மாதத்தில் நம் சங்க அன்பர் ஒருவருடைய தந்தையார் ஈரோட்டில் காலமானார். எல்லை கடக்கும் அனுமதிச்சீட்டு வந்து சேருமுன் காரியம் முடிந்துவிட்டது. மூத்த மகனாகிய அவர், தம்பி கொள்ளி வைப்பதை மைசூரில் அமர்ந்து கைப்பேசியிலேதான் கண்டார். அப்போதும் ஊரடங்கைக் குறைகூறினாரில்லை. பிடதிப் படங்களைக் கண்ட பின்னரே நம்மிடம், "திம்பம் மலை வழியாக நடந்தேனும் போயிருக்கலாம், ஐயா" என்றார்.