ஃபேஷன் 3 வருஷம், இஎம்ஐ 5 வருஷம்: வீட்டு இன்டீரியர்ல எது நிக்கும், எது போகும்?

சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர்னு வேலை பார்க்கிற நம்மில் பலர் வாங்குற முதல் பெரிய கடன் சிட்டி ஃப்ளாட்டுக்கு இல்லை. சொந்த ஊர்ல அப்பா அம்மாவுக்கு ஒரு வீடு கட்டத்தான். கோவில்பட்டி பக்கத்துல இருக்கிற இளையரசனேந்தலையே எடுத்துக்கோங்க. கரிசல் பூமி, வெயில் ஊர். அங்க வீடு கட்டுற 28 வயசுக்காரர் போன்ல பார்க்கிற டிசைன் எல்லாமே ஏசி போட்ட மும்பை ஃப்ளாட்டுக்கும் துபாய் வில்லாவுக்கும் பண்ணது. கட்டுமானம் முடியுறப்போ கையில காசு இருக்காது. அப்பதான் "இன்டீரியருக்கு ஒரு பெர்சனல் லோன் போட்டுக்கலாம்"னு தோணும்.

கணக்கைப் பார்த்துடலாம். 5 லட்சம், 14% வட்டி, 5 வருஷம்னு வச்சுக்கோங்க. மாசம் சுமார் 11,634 ரூபாய். மொத்தம் கட்டுறது ஏறக்குறைய 6.98 லட்சம். அதாவது வட்டி மட்டுமே 2 லட்சத்தை ஒட்டி வருது. ஹால்ல ஒட்டின பேனல் 3 வருஷத்துல பழசாத் தெரிஞ்சா, மீதி 2 வருஷம் பிடிக்காத பொருளுக்குத் தவணை கட்டிட்டு இருப்போம்.

அப்போ எது நிலைக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு: செட்டிநாடு.

காரைக்குடி பக்கத்து வீடுகளைப் பார்த்து "பாரம்பரியம்"னு சொல்றோம். ஆனா அந்தக் காலத்துக்கு அது முழுக்க முழுக்க ட்ரெண்டு. பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடின்னு கப்பல்ல வந்து இறங்குன ஃபேஷன். அதுல இன்னைக்கும் வேலை செய்யுறது எதுன்னு பாருங்க. வெயில் உள்ள வராத ஆழமான திண்ணை. வெளிச்சமும் காத்தும் கொண்டு வர்ற முற்றம். சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின வழுவழு சுவர். இது மூணுக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கு. இறக்குமதிப் பகட்டுக்குப் பின்னாடி இருந்தது பணம் மட்டும்தான். இரண்டாம் உலகப் போர்ல பர்மா வியாபாரம் விழுந்ததும், அவ்வளவு பெரிய வீட்டைப் பராமரிக்க முடியாம நிறைய வீடுகள் பூட்டிக் கிடந்தன, சிலது இடிஞ்சது. அந்தத் தூணும் கதவும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகள் வழியா இப்போ நகரத்து ரெஸ்டாரன்ட்கள்ல "வின்டேஜ்"னு நிக்குது. வாங்குற விலையோட பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கேட்கணும்னு நான் சொல்றது இதனாலதான்.

ஆத்தங்குடி கல்லும் அங்க இருந்து வந்ததுதான். கண்ணாடித் தட்டு மேல அச்சு வச்சு, கலர் சிமென்ட் கலவையை ஊத்தி, பின்னாடி சிமென்ட் மணல் போட்டு, தண்ணியில ஊற வைப்பாங்க. சூளையே கிடையாது. நடக்க நடக்க மினுக்கு ஏறும். ஆசிட் ஊத்திக் கழுவினா மட்டும் கெட்டுப்போகும். இப்போ அதே டிசைனை பிரின்ட் பண்ண செராமிக் டைல் கடையெல்லாம் வந்துடுச்சு. பொருளே அதுவா, இல்ல பொருளோட போட்டோவான்னு பார்த்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். நிஜக் கல்லு தேய்ஞ்சாலும் அழகுதான், பிரின்ட் தேய்ஞ்சா அசிங்கமாயிடும். மர டிசைன் ஸ்டிக்கர், மார்பிள் டிசைன் பிவிசி ஷீட் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

மொசைக் தரை ஞாபகம் இருக்கா? 80கள்ல கட்டின வீடுகள்ல எங்க பார்த்தாலும் அதுதான். அப்புறம் விட்ரிஃபைடு டைல் வந்ததும் "பழைய வீடு மாதிரி இருக்கு"ன்னு அது மேலயே டைல் ஒட்டினாங்க. இப்போ அதே மொசைக் டெராசோன்னு பேர் மாத்தி காபி ஷாப்ல வந்து உட்கார்ந்திருக்கு, விலையும் ஜாஸ்தி. வீட்ல நல்ல மொசைக் இருந்தா உடைக்காதீங்க. பாலிஷ் போட்டாலே போதும்.

கரிசல் மண்ணுக்கு வருவோம், அங்க விஷயம் கொஞ்சம் வேற. மழையில உப்பும், கோடையில சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரம் சரியில்லன்னா மேல எவ்வளவு அழகா பண்ணாலும் சுவர்ல கோடு விழும். அண்டர் ரீம்டு பைல் போடணுமா, கரிசலை எடுத்துட்டு கிராவல் நிரப்பணுமான்னு இன்ஜினியர்கிட்ட கேட்டு, பட்ஜெட்ல முதல் காசு அங்க போகட்டும். ரெட் ஆக்சைடு தரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், காலுக்குக் குளுமை. ஆனா ஒரே விரிப்பா ஊத்துற தரை, அடியில மண் அசைஞ்சா நீளமா விரியும். டைல்னா உடைஞ்ச ஒண்ணை மட்டும் மாத்திக்கலாம். அதனால அங்க பழசுங்கிற ஒரே காரணத்துக்காக ரெட் ஆக்சைடைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பளபளப்பான டைலும் வேண்டாம். அப்பா அம்மாவுக்கு வயசாகுது. பாத்ரூம், வாசல், பின்கட்டு மூணுலயும் சொரசொரப்பான மேட் டைல் போடுங்க. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா வர்ற ஆஸ்பத்திரி பில்லு முன்னாடி டைல் விலை வித்தியாசம் ஒண்ணுமே இல்லை.

ஃபால்ஸ் சீலிங், ஓரமா ஓடுற ப்ரொஃபைல் லைட், டிவிக்குப் பின்னாடி கோடு கோடா வர்ற ஃப்ளூட்டட் பேனல். இந்த மூணும் இல்லாத இன்டீரியர் கொட்டேஷனை நான் சமீபத்துல பார்க்கவே இல்லை. கரிசக்காட்டுப் புழுதி அந்தக் கோட்டுக்குள்ள போய் உட்கார்ந்தா வாரா வாரம் துடைக்கப் போறது யாரு? அம்மாதான். லைட் டிரைவர் போயிடுச்சுன்னா கோவில்பட்டியிலயோ சங்கரன்கோவில்லயோ அதே ஸ்பேர் கிடைக்குமா, உள்ளூர் எலக்ட்ரீஷியன் கழட்டி மாட்டுவாரா? ஓபன் கிச்சனும் அப்படித்தான். மிளகாய் தாளிச்சா ஹால்ல இருக்கிறவங்க இருமுவாங்க.

வருஷக் கணக்குல போட்டுப் பாருங்க. உதாரணத்துக்கு 1.2 லட்சத்துல போட்ட தரை 30 வருஷம் வந்தா வருஷத்துக்கு 4,000. 80,000க்குப் போட்ட சீலிங்கை 8 வருஷத்துல பிரிச்சா வருஷத்துக்கு 10,000, பிரிக்கிற கூலி தனி.

ட்ரெண்டே கூடாதுன்னு சொல்லல. பான்டோன் கம்பெனி 2000ல இருந்து வருஷா வருஷம் ஒரு கலரை அறிவிக்குது. 2023க்கு விவா மெஜந்தா, 2024க்கு பீச் ஃபஸ், 2025க்கு மோக்கா மூஸ். ஆசையா இருந்தா ஒரு சுவருக்கு அந்த பெயின்ட் அடிங்க, திரைச்சீலை, குஷன் கவர் வாங்குங்க. பிடிக்கலன்னா ஒரு ஞாயித்துக்கிழமையில மாத்திடலாம். அதே கலர்ல கிச்சன் கபோர்டு மொத்தத்தையும் பண்ணிடாதீங்க.

கடன் வாங்கியே ஆகணும்னா, பெர்சனல் லோனுக்கு முன்னாடி வீட்டுக் கடன் கொடுத்த பேங்க்லயே டாப்-அப் அல்லது ஹோம் இம்ப்ரூவ்மென்ட் லோன் கேளுங்க, பெரும்பாலும் வட்டி குறைவா இருக்கும். கொட்டேஷனை ரெண்டாப் பிரிச்சு வாங்குங்க: தரை, வயரிங், பிளம்பிங், ஜன்னல் ஒரு தாள்ல, சீலிங், பேனல், அலங்கார லைட் இன்னொரு தாள்ல. முதல் தாளுக்கு மட்டும் கடன் போடுங்க. ரெண்டாவது தாளுக்கு வயரிங் பாயின்ட்டை மட்டும் இப்பவே விட்டு வச்சுட்டு, குடி போய் ஒரு கோடை, ஒரு ஐப்பசி மழை பார்த்த பிறகு போனஸ் காசுல யோசிக்கலாம்.