கொழுப்பே இல்லாதவரின் கொழுப்புக் கல்லீரல்

லிப்போடிஸ்ட்ரோபி என்று ஓர் அரிய நோய் உண்டு. அதன் கடுமையான வகையோடு பிறக்கும் குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு அநேகமாக இருப்பதே இல்லை. கன்னம் ஒட்டி, கைகால்களில் நரம்பு புடைத்து, தசைகள் தனித்தனியாகத் தெரியும். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவரின் உடம்பு என்றுகூட நினைக்கத் தோன்றும். வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கும், உள்ளே கல்லீரல் கொழுப்பேறிப் பெருத்திருப்பதால். சிலரிடம் ரத்தம் எடுத்துக் குழாயில் சற்று நேரம் வைத்தால், மேலே தெளிய வேண்டிய நீர் பால்போல் வெளுத்து நிற்கும். பசியோ அடங்குவதே இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்று வந்தால் நாம் முதலில் தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறோம், அடுத்து எண்ணெய்ச் சட்டியைச் சந்தேகிக்கிறோம். இந்த நோயாளிகளுக்குத் தொப்பைக் கொழுப்பே கிடையாது. பிறகு கல்லீரலில் எப்படி?

உடற்கொழுப்பு வெறும் கிட்டங்கி என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். கிட்டங்கி இல்லாவிட்டால் சரக்கு கண்ட இடத்தில் குவியும், கல்லீரலிலும் குவியும். விளக்கம் சரிதான், ஆனால் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சுண்டெலிகள் காட்டின.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் சார்லஸ் வின்சன், மார்க் ரைட்மன் ஆகியோரின் குழுக்கள் 1998-ல் கொழுப்புத் திசுவே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கின. அவற்றுக்குச் சர்க்கரை நோய் வந்தது, கல்லீரல் கொழுத்துப் பெருத்தது. நல்ல எலியின் கொழுப்பை எடுத்து அவற்றின் தோலுக்கடியில் பொருத்தினார்கள். சர்க்கரை இறங்கியது, கல்லீரல் கொழுப்பும் குறைந்தது. இதுவரை கிட்டங்கிக் கணக்கு தப்பவில்லை. அடுத்து, லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்க முடியாத எலியின் கொழுப்பைப் பொருத்திப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான முடிவு: ஒன்றும் நடக்கவில்லை. சேமிக்க இடம் இருந்தும் கல்லீரல் தேறவில்லை. கொழுப்புத் திசு ரத்தத்தில் அனுப்பும் செய்தி இல்லாததுதான் குறை.

பசியை அடக்கச் சொல்லும் அந்த லெப்டினின் மரபணுவை 1994-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு கண்டுபிடித்திருந்தது. உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று அன்று பெரிய ஆரவாரம். பருமனானவர்களுக்கு அது பெரிதாக உதவவில்லை. அவர்கள் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே ஏராளம், கேட்க வேண்டிய மூளைதான் செவி சாய்ப்பதில்லை. நேர்மாறாக, லெப்டின் குறைந்த லிப்போடிஸ்ட்ரோபி நோயாளிகள் ஒன்பது பெண்களுக்கு நான்கு மாதம் லெப்டின் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில், ரத்தத்திலுள்ள டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு சராசரியாக 60 சதவீதம் குறைந்தது. கல்லீரலின் கன அளவு 28 சதவீதம் சுருங்கியது. கல்லீரலுக்கென்று எந்த மருந்தும் தரவில்லை என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்ந்தது. மெட்ரெலெப்டின் என்ற பெயரில் 2014-ல் அமெரிக்கா இதற்கு அனுமதி தந்தது.

சாதாரணமாகக் கல்லீரலில் கொழுப்பேறியவர்களின் கதை என்ன? மினசோட்டாவில் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், அப்படிப்பட்டவர்களின் கல்லீரல் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தடம் பிடித்தார்கள். ரத்தத்தில் மிதந்துவரும் கொழுப்பு அமிலங்களிலிருந்து 59 சதவீதம். பெரும்பாலும் உடற்கொழுப்பு அவிழ்த்துவிட்டது. கல்லீரல் தானே தயாரித்தது 26 சதவீதம். சாப்பாட்டிலிருந்து நேராக வந்தது வெறும் 15. உண்டபின் ‘கொழுப்பை வெளியே விடாதே’ என்று இன்சுலின் சொல்ல வேண்டும், கொழுப்புச் செல்கள் கேட்க வேண்டும். அந்தச் சொல் எடுபடாமல் போகும்போதுதான் கல்லீரலுக்கு வினை. எண்ணெய்ச் சட்டிமேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

கொழுப்பு சுரக்கும் இன்னொரு ஹார்மோன் அடிப்போனெக்டின். கொழுப்பை எரிக்கச் சொல்லிக் கல்லீரலைத் தூண்டுவது இது. விசித்திரம் என்னவென்றால், உடம்பு பருக்கப் பருக்க இதன் அளவு இறங்குகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபிலிப் ஷெரரின் குழு, லெப்டின் இல்லாத பெருந்தீனி எலிகளுக்கு இதை மட்டும் கூடுதலாகச் சுரக்க வைத்தது. 2007-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் அந்த எலிகள் வழக்கமான பருத்த எலிகளையும் மிஞ்சிப் பருத்தன. ஆனால் கல்லீரலில் கொழுப்பு குறைந்திருந்தது, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது. ஒல்லியான உடம்பில் கெட்ட கல்லீரல், பூதமாய்ப் பருத்த உடம்பில் நல்ல கல்லீரல். எடை பார்க்கும் மெஷின் இரண்டு இடத்திலும் தோற்கிறது.

தசையும் பேசுகிறது. வேலை செய்யும் தசை இன்டர்லூகின்-6 என்ற புரதத்தை ரத்தத்தில் விடுவதை டென்மார்க்கின் பென்டே பெடர்சன் குழு 2000-ல் காட்டியது. 2019-ல் வெளியான கோபன்ஹேகன் ஆய்வொன்றில் சிலரைப் பன்னிரண்டு வாரம் சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் இந்தப் புரதத்தின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து இல்லாதவர்களுக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு கரைந்தது. மருந்து பெற்றவர்களுக்குக் கரையவில்லை, இவர்களும் அதே மிதி மிதித்திருந்தும். எடை குறையாமலேகூட உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது என்று தனி ஆய்வுகள் சொல்கின்றன.

குடலும் இந்தப் பேச்சில் சேர்கிறது. குடலின் ஹார்மோனான ஜிஎல்பி-1-ஐப் போலச் செய்த செமாகுளுடைட் மருந்துக்கு, அழற்சியும் தழும்பும் கண்ட கொழுப்புக் கல்லீரலுக்காக அமெரிக்கா 2025 ஆகஸ்டில் அனுமதி தந்தது. கல்லீரலின் முக்கியச் செல்களில் இந்த ஹார்மோனுக்கான ஏற்பி அநேகமாக இல்லை. பசி, எடை, இன்சுலின் வழியாகவே பெரும்பங்கு பலன் கிடைக்கிறது.

கல்லீரலும் வாய்மூடி இருப்பதில்லை. சர்க்கரை அதிகமாக வந்து சேர்ந்தால் எஃப்ஜிஎஃப்-21 என்ற ஹார்மோனை மூளைக்கு அனுப்புகிறது. எலிகளிலும் குரங்குகளிலும் அது இனிப்பு ஆசையையே குறைக்கிறது. கல்லீரலில் கொழுப்பேறியவர்களின் ரத்தத்தில் இதன் அளவு ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது. லெப்டின் விஷயத்தில் நடந்ததுபோல் இங்கும் கூடுதலாகக் கொடுத்துப் பயனில்லை என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் நெடுநேரம் ரத்தத்தில் தங்கும்படி மாற்றிய எஃப்ஜிஎஃப்-21 ஊசிகள், மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் கல்லீரல் கொழுப்பைக் கணிசமாகக் குறைத்திருக்கின்றன.