பெயர் பொறிக்காத நிறுவனம்

"மகளுக்கு பாக்ஸ்கானில் வேலை கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலும் உண்டு, அனுப்பலாமா?" என்ற கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுகிறது. பதில் சொல்லும் முன் அந்த நிறுவனம் எப்படி வளர்ந்தது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

1974ல் தைவானில் டெர்ரி கோ தொடங்கிய ஹொன் ஹாய் என்ற சிறு பட்டறைதான் இன்றைய பாக்ஸ்கான். டிவியில் சேனல் மாற்றும் பிளாஸ்டிக் குமிழ்களைத்தான் முதலில் செய்தார்கள். 1988ல் சீனாவின் ஷென்சென் நகரில் ஆலை திறந்தார்கள். நிலமும் கூலியும் அங்கே மலிவு. கிராமங்களிலிருந்து இளைஞர்கள் லட்சக்கணக்கில் வந்தார்கள். கம்ப்யூட்டர், வீடியோ கேம் என்று வளர்ந்து, 2007க்குப் பிறகு ஐபோன் அந்த நிறுவனத்தை எங்கோ கொண்டுபோய்விட்டது.

இத்தனை செய்தும் எந்தப் போனிலும் அதன் பெயர் இருக்காது. வடிவமைப்பும் விற்பனையும் ஆப்பிள் போன்ற நிறுவனங்களுடையவை. பெரிய லாபமும் அவர்களுக்கே. பொருத்திக் கொடுப்பவருக்கு ஒரு போனில் நிற்பது சிறு தொகைதான். ஆகவே எண்ணிக்கையில்தான் சம்பாதிக்க வேண்டும். புது மாடல் வரும்போது ஆட்களை அள்ளிச் சேர்ப்பதும், ஆர்டர் குறைந்தால் குறைப்பதும் இந்தத் தொழிலின் இயல்பு. அந்தச் சுமை கடைசியில் தொழிலாளி தலையில்தான் இறங்குகிறது. 2010ல் ஷென்சென் ஆலையில் இளம் தொழிலாளர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நிறுவனம் சம்பளத்தை உயர்த்தியது. கட்டடங்களைச் சுற்றி வலையும் கட்டியது!

நம் மாநிலமும் இதைப் பார்த்திருக்கிறது. 2014ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடப்பட்டபோது, அதை நம்பி ஓடிய பாக்ஸ்கான் ஆலையும் நின்றது. பல ஆயிரம் பேர் வேலையிழந்தார்கள். பிறகு ஐபோன் வந்தது, சுங்குவார்சத்திரம் ஆலை பெருகியது. 2021 டிசம்பரில் அங்கு வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. விடுதிகளைச் சரிசெய்ய வேண்டும் என்று ஆப்பிளே சொல்ல நேர்ந்தது. 2024ல் வல்லம் வடகாலில் 18,000க்கும் அதிகமான பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததற்கும் இதில் பங்குண்டு என்றே நாம் நினைக்கிறோம். அதே ஆண்டு, திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்ற புகார் எழுந்தது. நிறுவனம் அதை மறுத்தது.

ஆகவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாதச் சம்பளம் ஒரு பெண்பிள்ளைக்குத் தரும் தைரியம் சிறியதல்ல. ஆனால் நியமனக் கடிதத்தில் இருப்பது நிறுவனத்தின் பெயரா, ஆள் சேர்க்கும் கான்ட்ராக்டரின் பெயரா என்று பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் கேளுங்கள். முடிந்தால் தாயோ சகோதரியோ ஒருமுறை அந்த விடுதிக்குப் போய், சமையலறையையும் கழிவறையையும் நேரில் பார்த்து வரட்டும்.