மாவுக்கட்டு போட்டாச்சா? விரலை ஆட்டுங்க!

ஓடுகிற பஸ்சில் தாவி ஏறும்போது கால் வழுக்கும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு "மளுக்"!

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும், "ஆறு வாரம் ஆடாம அசையாம படு" என்பார்கள் பெரியவர்கள்.

இது தப்பு! முறிந்த எலும்புதான் அசையக் கூடாது. மற்றதெல்லாம் அசைய வேண்டும்.

இறுகும் மூட்டு

கட்டுக்கு வெளியே தெரியும் விரல்களை மணிக்கு ஒரு தரமாவது மடக்கி நீட்ட வேண்டும். முழங்கைக்குக் கீழே மட்டும் கட்டு என்றால் முழங்கை, தோள்பட்டைக்கும் வேலை கொடுக்க வேண்டும். முதல் 2, 3 நாள் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்தால் வீக்கம் வடியும்.

சும்மா தொங்கப் போட்டால் விரல் வீங்கும்; மூட்டு இறுகும். எலும்பு கூடிய பிறகும் காபி டம்ளரைப் பிடிக்கத் திண்டாட வேண்டியதுதான்.

காலில் கட்டு என்றால் டாக்டர் சொல்லும்வரை பாதத்தை ஊன்றக் கூடாது. கால் விரல்களை ஆட்டலாம்.

குளிக்கலாமா?

மாவுக்கட்டை 1851-ல் உருவாக்கியவர் நெதர்லாந்து ராணுவ டாக்டர் அந்தோனியஸ் மாத்தைசன். முழுதாகக் காய 2, 3 நாள் ஆகும். தண்ணீர் பட்டால் இளகிவிடும்.

பைபர் கிளாஸ் கட்டு எடை குறைவு. அரை மணிக்குள் இறுகிவிடும். விலைதான் கூடுதல். "பைபர்தானே" என்று குழாயடியில் நிற்காதீர்கள்! மேல் ஓடுதான் தண்ணீரைத் தாங்கும். உள்ளே சாதாரணப் பஞ்சு இருந்தால் ஈரம் தங்கி அரிப்பு, நாற்றம், புண் எல்லாம் வரும். தண்ணீர் தங்காத தனி உறை வைத்துக் கட்டியிருந்தால்தான் குளிக்கலாம். கட்டுப் போடும்போதே, "உள்ளே என்ன வைக்கிறீங்க?" என்று கேட்டுவிடுங்கள். ஆபரேஷன் காயம் ஆறாதவர்கள், எந்தக் கட்டானாலும், டாக்டரைக் கேட்காமல் நனைக்கக் கூடாது.

உடனே ஓடுங்கள்!

அரிக்கிறது என்று ஸ்கேலையோ ஊசியையோ உள்ளே விடாதீர்கள். தோல் கிழிந்து சீழ் பிடிக்கும்.

வலி கூடிக்கொண்டே போகிறதா? விரல் மரத்து, வெளுத்து அல்லது நீலம் பாய்கிறதா? நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கட்டு இறுக்கினால் சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும்.

"காலையில பார்த்துக்கலாம்" என்று படுத்தால் கையே போய்விடலாம்!